உணரி மாற்றிய நிலையத்தில் பழைய நிலநடுக்கங்களின் அளவு 0.3 கூடுகிறது: மீத்தரவை எப்படித் திருத்துவது?

புதுப்பொறுப்பு (கேள்வி):

வணக்கம். ஒரு கல்வி நிறுவனம் நடத்தும் சிறிய நிலநடுக்கக் கண்காணிப்பு வலையமைப்பின் மீத்தரவை (எந்த நிலையத்தில் என்ன கருவி என்ற விவரப் பதிவை) பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. அதிலுள்ள ஒரு நிலையத்தில் முதலில் எஸ்டிஎஸ்-2 உணரி இருந்தது. அது பழுதான பின், அதே அறையில், உணரியின் மின்னழுத்தத்தை எண்களாக்கும் அதே கியூ330 டிஜிட்டைசருடன் ட்ரிலியம் காம்பாக்ட் 120 பொருத்தப்பட்டது. ஆனால் மீத்தரவை வைத்திருக்கும் எங்கள் ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் கோப்பில் ட்ரிலியத்தின் விவரம் மட்டுமே இருக்கிறது; சேனலின் தொடக்க நாளாக நிலையம் நிறுவப்பட்ட நாளே பதிவாகியுள்ளது. பழைய நிகழ்வுகளை மறுபடி கணக்கிட்டால் இந்த நிலையம் மட்டும் மற்ற நிலையங்களைவிட ஏறத்தாழ 0.3 கூடுதலான நிலநடுக்க அளவைத் தருகிறது. அண்மை நிகழ்வுகளில் அந்த வேறுபாடு இல்லை. கோப்பில் எதைத் திருத்த வேண்டும்? புதிய உணரிக்குத் தனி இடக்குறியீடு (ஒரே நிலையத்தின் உணரிகளைப் பிரித்துக் காட்டும் குறியீடு) தேவையா?

நெடுவலை:

அந்த 0.3 தற்செயலாக வந்த எண் அன்று. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு எஸ்டிஎஸ்-2 ஏறத்தாழ 1500 வோல்ட் தரும். ட்ரிலியம் காம்பாக்ட் 120 அதில் பாதியாக, ஏறத்தாழ 750 வோல்ட் தரும். 1500-ஐக் கொண்டு வகுக்க வேண்டிய பழைய பதிவை 750-ஐக் கொண்டு வகுத்தால் வீச்சு இரு மடங்காகிறது. நிலநடுக்க அளவு வீச்சின் மடக்கையைக் கொண்டு கணக்கிடப்படுவது; 2-இன் மடக்கை 0.30. இரண்டு உணரிகளும் 120 நொடி அலைவுக் காலம் வரை ஏறத்தாழ ஒரே வடிவத் துலங்கலைக் (நில அசைவைக் கருவி பதிவாக மாற்றும் விதத்தை) கொண்டவை என்பதால், அலைவடிவத்தைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

செய்ய வேண்டியது, அதே சேனலுக்கு இரண்டு காலப்பகுதிகளை எழுதுவதுதான். உணரியைக் கழற்றிய நேரத்தோடு எஸ்டிஎஸ்-2-இன் பகுதியை முடித்து, புதியது நிலைகொண்ட நேரத்திலிருந்து ட்ரிலியத்தின் பகுதியைத் தொடங்குங்கள். இரண்டும் ஒரு நொடிகூட ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. இடைவெளி இருப்பதில் தவறில்லை. நிலையத்தின் தொடக்க நாளைத் தொட வேண்டாம், ஏனெனில் நிலையம் மாறவில்லை.

துலங்கலில் கட்டங்களையும் (உணரி, டிஜிட்டைசர் எனத் தனித்தனிப் படிகளையும்) மொத்த உணர்திறனையும் சேர்த்தே திருத்துங்கள். கியூ330 வழக்கமான அமைப்பில் ஒரு வோல்ட்டுக்கு 419430 எண்ணிக்கை தருவதால், எஸ்டிஎஸ்-2-க்கு மொத்தம் ஏறத்தாழ 62.9 கோடி, ட்ரிலியத்துக்கு ஏறத்தாழ 31.5 கோடி என வர வேண்டும். பலர் மொத்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டு முதல் கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்போது ஒப்ஸ்பையில் (நிலநடுக்கத் தரவுக்கான பைத்தான் மென்பொருளில்) முழுத் துலங்கலை நீக்குபவருக்கு ஒரு விடையும், உணர்திறனால் மட்டும் வகுப்பவருக்கு வேறு விடையும் கிடைக்கும்.

இடக்குறியீட்டை மாற்றத் தேவையில்லை. உலக வலையமைப்பின் நிலையங்களில் 00, 10 என இரண்டு குறியீடுகளைக் காண்பது, ஒரே நேரத்தில் இரண்டு உணரிகள் ஓடுவதால்தான். உங்களிடம் ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கிறது, அவ்வளவே.

வடதிசை:

நெடுவலை சொன்னதோடு திசையையும் பாருங்கள். புதிய உணரியை வைத்தவர் பழைய கோட்டின் மீதே வைத்தாரா என்பது தெரியாத வரை, வடக்குச் சேனலின் திசைக்கோணத்தை 0 என்று இரண்டாம் காலப்பகுதிக்கு நகலெடுப்பது வெறும் ஊகமே. மேடையில் இரும்புக் கம்பி இருந்தால் காந்த ஊசியை நம்ப முடியாது. தொலைவுப் பெரு நிலநடுக்கங்களின் ராலே அலைகள் (நிலப்பரப்பை ஒட்டிப் பரவுபவை) எத்திசையிலிருந்து வந்தன என்று கணக்கிட்டு, அதை நிகழ்வின் உண்மையான திசையோடு ஒப்பிடுவதே மேல். விலகல் 5 பாகைக்கு மேல் இருந்தால், மரபுப்படி சேனல் பெயரின் கடைசி எழுத்தை வடக்கு, கிழக்கு என்று வைக்காமல் 1, 2 என்று வைத்து, அளந்த கோணத்தைக் கோப்பில் எழுத வேண்டும். மேல்நோக்கிய சேனலின் சாய்வு −90. அது +90 என்று இருந்தால் முதல் அசைவின் திசையே தலைகீழாகும்.

புதுப்பொறுப்பு:

இருவருக்கும் நன்றி. களக் குறிப்பேட்டில் மாற்றிய நேரம் காலை 11.20 என்று மட்டும் இருக்கிறது. அதை அப்படியே எழுதலாமா?

நெடுவலை:

அப்படியே எழுத வேண்டாம். கோப்பில் எல்லா நேரமும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 11.20 இந்திய நேரமாக இருந்தால் 05.50 என்று வரும். அதை யூடிசி என்றே எழுதிவிட்டால், புதிய உணரியின் ஐந்தரை மணி நேரப் பதிவு பழைய துலங்கலின் கீழ் போய்விடும். அன்றைய அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள்: இணைப்பு விட்ட இடத்தில் பதிவு தட்டையாகியோ அறுந்தோ இருக்கும், பின்பு புதிய உணரி நிலைகொள்ளும் வரை நீண்ட இழுவை தெரியும். குறிப்பேட்டைவிட அதுவே நல்ல சாட்சி.

அலைக்கணக்கு:

திருத்திய பின் சரிபார்க்கும் வழியையும் சேர்க்கிறேன். இரு காலப்பகுதிகளின் பின்னணி இரைச்சலையும் 1993-இன் பீட்டர்சன் எல்லைக் கோடுகளோடு (உலக நிலையங்களின் இரைச்சலுக்கான கீழ், மேல் எல்லைகள்) வரைந்து, 5 முதல் 8 நொடி வரையுள்ள கடலலை இரைச்சலின் முகட்டைப் பாருங்கள். அந்த முகடு பருவத்தோடு ஏறி இறங்குவதால் ஒரே மாதங்களைத்தான் ஒப்பிட வேண்டும். உறுதியான சோதனை வேண்டுமென்றால், தொலைவில் நிகழ்ந்த பெரு நிலநடுக்கங்களின் நீண்ட மேற்பரப்பு அலைகளை எடுத்து, பக்கத்து நிலையத்தின் வீச்சோடு விகிதம் காணுங்கள். இரு காலப்பகுதிகளிலும் அது 1-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். உலக வலையமைப்பின் சில எஸ்டிஎஸ்-1 உணரிகள் நீண்ட அலைவுக் காலங்களில் மெல்ல மெல்ல உணர்திறன் இழந்துவந்ததும், 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பதிவான அலைகளைக் கணித்த அலைகளோடு இப்படி ஒப்பிட்டபோதுதான் வெளிப்பட்டது.

ஸ்டேஷன்எக்ஸ்எம்எல்லைக் கையால் திருத்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள் என்பேன். நியூசிலாந்தின் ஜியோநெட், எந்தக் கருவி எங்கே எப்போது இருந்தது என்பதை எளிய அட்டவணைகளாகக் கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. கோப்பு அவற்றிலிருந்து உருவாகிறது. உங்களுடைய சிறு வலையமைப்புக்கு உணரியின் தொடர் எண், பொருத்திய நேரம், கழற்றிய நேரம், டிஜிட்டைசரின் பெருக்க அமைப்பு ஆகியவை கொண்ட ஓர் அட்டவணையே போதும்.

கடைசியாக ஒன்று: அலைவடிவங்களைச் சேமிக்கும் மினிசீட் பதிவுகளில் துலங்கல் இல்லாததால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே சேமித்த வீச்சுகளும் அளவுகளும் தாமாக மாறிவிடாது. தவறான கோப்பைக் கொண்டு மறுபடி கணக்கிட்ட நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் திரும்ப ஓட்டுங்கள்.