துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம்: நகராட்சியில் உங்களுக்கு நடந்தது என்ன?

ஓதக்காரன்:
சின்னத் துறைமுக ஊர்களில் இருப்பவர்கள், நகராட்சிப் படியேறிய கதைகளை இங்கே கொட்டுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெய்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். காரணம் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைநீர் வடிகால் துறைமுக மதிலுக்கு அடியில் நுழைந்து, கப்பல் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. அதன் வாயில் ஓர் இரும்புக் கதவு உண்டு. கடல் ஏறும்போது தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், இறங்கும்போது திறந்து மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். கீல் துருவேறிப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. கடல்மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம்; அமாவாசை, பௌர்ணமியில் அது அதிகமாக ஏறும். ஏறினால் கடல் எங்கள் தெருவுக்கு வருகிறது.

மனுவோடு போனேன். பொறியாளர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஊர் வரைபடம். வடிகால் நீலக்கோடு, ஓரிடத்தில் அதன் குறுக்கே சிவப்புக்கோடு. "சார், இதுவரைக்கும் தூர்வாரியாச்சு. இதுக்கு அந்தப் பக்கம் போகணும்னா எங்க ஆளே பாஸ் வாங்கணும்" என்று விரலை வைத்தார். அவர் விரல் வைத்த இடத்தில் மட்டும் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேருக்குக் காட்டினாரோ!

துறைமுக அலுவலகத்தில் ஒரே வரி: "வடிகால் நகராட்சியோடது. எங்க இடத்து வழியா போகுது, அவ்வளவுதான்."

கரைக்காற்று:
பாஸ் என்றதும் எனக்கு வேலி ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அலைதடுப்புச் சுவரின் நுனிவரை நடந்துபோய்த் தூண்டில் போட்டிருக்கிறேன். கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. வெளிநாட்டுப் பயணம் போகும் சரக்குக் கப்பல்களைக் கையாளும் துறைமுகங்கள், யார் உள்ளே வருகிறார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தாக வேண்டும். அதோடு எங்கள் நடைபாதை போச்சு. மன்றக் கூட்டத்தில் கேட்டோம். வேலியை அகற்றக் கோரித் தீர்மானம் போட்டார்கள், கைதட்டலோடு. வேலியைத் தொட மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது கைதட்டியவர்களுக்கும் தெரியும்.

முன்னாள் உறுப்பினர்:
நான் ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவன். திட்டுவதானால் திட்டுங்கள், ஆனால் சாலைக் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். லாரிச் சக்கரங்களை இணைக்கும் ஓர் அச்சின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கானால், சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறத்தாழ 16 மடங்கு. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் தனிச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓடவிட்டுப் பார்த்ததிலிருந்து பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. துறைமுக வாசலுக்குப் போகும் கடைசி சில கிலோமீட்டர் எங்கள் கணக்கில் இருந்தது. ஊருக்குள் இறங்காத சரக்குக்கு ஊர்ச் சாலை தேய்ந்தது. ஒட்டுப்போடுவோம், அடுத்த கப்பல் வந்து லாரிகள் வரிசை கட்டினதும் பெயர்ந்துவிடும்.

லாரியெல்லாம் ராத்திரி மட்டும் வரட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். முதல் ராத்திரி ஹாரன் சத்தத்தில் தூங்காமல் கிடந்தவர்களில் என் மாமியாரும் ஒருவர். அந்த யோசனையை அப்புறம் நான் எடுக்கவே இல்லை.

நங்கூரம்:
ரோட்டர்டாமில் 2004 தொடங்கும்வரை துறைமுகமே நகராட்சியின் ஒரு பிரிவுதான். அப்புறம் தனிக் கம்பெனி ஆக்கினார்கள். இப்போதும் பெரும்பங்கு நகரத்திடம், மீதி நெதர்லாந்து அரசிடம். அங்கே சிவப்புக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊர்.

முன்னாள் உறுப்பினர்:
தம்பி, அது ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகம். எங்களுடையதில் இரண்டு கப்பல் சேர்ந்தாற்போல நின்றாலே திருவிழா.

ஓதக்காரன்:
மேற்கொண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கடிதத்தை இரண்டு அலுவலகத்துக்கும் எழுதி, "நகல் அவர்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது" என்று கீழே போட்டேன். இந்த ஒரு வரிக்கு இருக்கும் மரியாதை என் மூன்று பக்க மனுவுக்கு இல்லை. கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்தார்கள், காலை 11 மணி. போனால் ஓதம் உச்சத்தில் இருக்கிறது, கதவு முழுக்கத் தண்ணீருக்குள். ஆறு பேர் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மறுபடி போனபோது ஓத அட்டவணையை நானே கொண்டுபோனேன். கடல் இறங்கியிருந்தது, கீலைக் கையால் தொட்டே பார்த்தார்கள். பொறியாளர் விரலை எடுத்தபோது நுனியில் துரு.

கீல் மாற்ற மதிப்பீடு தயார். பில்லை யார் பெயரில் போடுவது என்று கேட்டு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போயிருக்கிறது. அடுத்த பௌர்ணமி வியாழக்கிழமை. கீழ்த்தட்டு அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.