உயரமான தோட்டக்காரருக்குப் புல் ஓரக் கத்தரி: கைப்பிடியை நீட்டலாமா?

காவிரிக்கரை: தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் புல்தரை, முழுக்க அருகம்புல். நடைபாதை ஓரம் மட்டும் 60 அடி. தோட்டக்காரர் 6 அடி 2 அங்குலம். இருக்கிற நீள்கைக் கத்தரி 97 செ.மீ., இரும்புக் குழாய்க் கைப்பிடி. குனிஞ்சேதான் வெட்ட வேண்டியிருக்கு. இழுத்து நீட்டும் கைப்பிடி வெச்சது வாங்கலாமா, இதையே நீட்டலாமா?

பட்டறைத்தெரு: முதல்ல அது ஓரக் கத்தரிதானான்னு பாருங்க. நீள்கையில ரெண்டு வகை உண்டு. அலகு தரையோட படுத்திருந்தா மரத்தடி, சுவரடியில மேல்புல் வெட்டுறது. செங்குத்தா நின்னாத்தான் ஓரத்துக்கு. கடையில ரெண்டையும் ஒரே பேர் சொல்லிக் கொடுப்பாங்க.

அடுத்து அளவு. செருப்போட நிமிர்ந்து நிக்கச் சொல்லி, முழங்கையை லேசா மடக்கி, தரையிலிருந்து முஷ்டி வரை டேப் பிடிங்க. அந்த உயரத்துக்கு 100 செ.மீ. கிட்ட வரும். கத்தரியை யாரும் நட்டமா பிடிக்கிறதில்ல. 25 டிகிரி சாய்ச்சா 97 செ.மீ. கத்தரியோட பிடி 88-லதான் நிக்கும். 110 ஆக்குனா சரியா வரும். நீட்டுங்க.

மண்வெட்டி: 13 செ.மீ. சும்மா வராது அண்ணே. நடு போல்ட்டிலிருந்து பிடி வரை 90 செ.மீ.ன்னு வைங்க. 13 கூட்டினா, அலகு அதே அளவு திறக்க 50 செ.மீ. விரிஞ்ச கை 57 விரியணும். முதுகு வலி தோளுக்குப் போகும், அவ்வளவுதான். இழுத்து நீட்டுறதுலயும் இதே தொல்லை, கூடவே பூட்டுல வண்டல் புகுந்து வழுக்கும்.

பட்டறைத்தெரு: ரெண்டு கையையும் ஆட்டுறவங்களுக்குத்தான் அந்தக் கணக்கு. ஓரக் கத்தரியில ஒரு கை அசையவே கூடாது. அந்தப் பக்கத்து அலகு ஓரத்தை ஒட்டி நிக்கணும், மற்றது மட்டும் வந்து மூடணும். வாயைப் பாதி திறந்தாலே அருகம்புல் ஓடுதண்டு உள்ளே வந்துடும். முழுசா திறந்து வெட்டுறது பழக்கக் கோளாறு.

நாகைக்காற்று: எதுக்கு இவ்வளவு? நைலான் நரம்பு மெஷின் எடுத்தா அரை மணி வேலை.

பட்டறைத்தெரு: செங்கல் பாத்தி ஓரத்துல நரம்பு அறுந்துகிட்டே இருக்கும், தெறிக்கிற கல்லுக்குக் கண்ணாடி போடணும், செடித்தண்டுல பட்டா பட்டை உரியும். 60 அடிக்கு அது வேண்டாம் தம்பி.

மண்வெட்டி: மெஷின் விஷயத்துல அண்ணன் பக்கம்தான் நானும். ஆனா குனிய வைக்கிறதுல பாதி, நீளம் இல்ல, ஓரமே இல்லாததுதான். புல் நடைபாதை மேல ஏறிக் கிடந்தா, எங்க வெட்டுறதுன்னு எட்டிப் பார்க்கத்தான் வேணும். அலகும் மண்ணுல குத்தி மழுங்கும். நேர்க்கம்புல அரைவட்டத் தகடு வெச்ச மண்வெட்டியால, புல்லுக்கும் நடைபாதைக்கும் நடுவுல 5, 6 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் கிழிங்க. தகட்டைக் காலால மிதிச்சு வெட்டுறதால குனிய வேண்டாம்.

நம்ம களிமண்ணுக்குக் காலம் முக்கியம். சித்திரையில வெடிச்சுக் கிடக்கும், ஓரம் கட்டி கட்டியா பேர்ந்து வரும். ஐப்பசி அடைமழையில வெட்டினா சரிஞ்சு மூடிக்கும். தை பிறந்து, மண்ணை உருட்டினா உருண்டை பிடிக்கணும், கையில அப்பக் கூடாது. அதுதான் பதம்.

நாகைக்காற்று: இன்னொண்ணு. புல் வெட்டுப்படாம அலகு நடுவுல மடங்குதுன்னா நடு நட்டு தளர்ந்திருக்கு. கால் சுற்று முறுக்கிப் பாருங்க. அரம் சாய்வான பக்கத்துல மட்டும். தட்டைப் பக்கம் தேய்ச்சா இடைவெளி விழுந்துடும். கடலோரக் காத்துன்னா வேலை முடிஞ்சதும் துடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு கை.

காவிரிக்கரை: வாய்க்கால் தைக்குத்தான். இப்போ நீட்டுறதுன்னா வெல்டிங்கா?

பட்டறைத்தெரு: அலகுப் பக்கம் வெல்டிங் போகவே கூடாது, சூட்டுல எஃகு பதம் இறங்கி கூர் நிக்காது. மேல் முனையில ரப்பர் பிடியைக் கழட்டிட்டு, இறுக்கமா ஏறுற குழாயை 12 செ.மீ. மேலேறவிட்டு, குறுக்கே ரெண்டு போல்ட். பிவிசி வளையும், அலுமினியம் போதும்.

மண்வெட்டி: குழாய் அறுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூங்கில் குச்சியை சைக்கிள் டியூப்பால ரெண்டு பிடியிலயும் கட்டிக் கொடுங்க. 20 அடி வெட்டட்டும். கை தானா எந்த இடத்துல போய் நிக்குதோ, அங்க சுண்ணாம்பால கோடு போட்டு அளவெடுங்க. எனக்கென்னவோ 13 வராது, 8-லயே நிக்கும்னு தோணுது.