மறு: ஃப்ளீஸ் துணிக்குத் தமிழ்ச் சொல் – ‘துய்த்துணி’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> கம்பளி என்றே இருக்கட்டுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். கம்பளி ஆட்டிலிருந்து வருவது. போர்வைக்கு நாம் வாங்கும் ஃப்ளீஸ், மேலே பொசுபொசுவென்று இருக்கும் இந்தத் துணி, பாலியெஸ்டர். 1979இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்து மால்டன் மில்ஸ் ஆலையில் பிறந்தது. கம்பளி என்று நினைத்து நான் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பெட்டியின் மூக்கு பட்ட இடம் உருகிப் பளபளவென்று தழும்பாகிவிட்டது. போர்வை இன்னும் வீட்டில் இருக்கிறது, தழும்போடு.

> ஒலிபெயர்ப்பே போதும்.

ஆய்தம் போட்டாலும் போடாவிட்டாலும் வாய்க்கு அது ‘பிளீஸ்’தான். “பிளீஸ் போர்வை தைக்கிறேன்” என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். “போர்வைக்கு எதுக்குடி கெஞ்சுற?” என்றார்.

பழைய சொல்லைத் தேடினால் ‘மயிர்’ கிடைக்கிறது. “பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்” என்று சிலப்பதிகாரம் நெசவாளர் தெருவைச் சொல்லும்போது மயிர் கௌரவமான சொல். இன்று குழந்தைப் போர்வையில் அதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அதோடு, அதுவும் ஆட்டிடமே திரும்பிப் போகிறது.

இந்தத் துணி எப்படி உருவாகிறது என்று பார்த்தால் வழி பிறக்கும். முதலில் பின்னல் துணி. அதன் மேல் கம்பிப் பற்கள் உள்ள உருளைகளை ஓட்டி இழைகளைக் கிளப்புகிறார்கள். பிறகு ஒரே மட்டமாகக் கத்தரிக்கிறார்கள். கிளம்பி நிற்கும் அந்த மெல்லிழைக்குத் தமிழில் ‘துய்’ என்று பெயர் உண்டு. சங்கப் பாட்டில் வரும் ‘துய்த்தலை மந்தி’, அதாவது தலையில் மெல்லிய மயிருள்ள குரங்கு, நினைவிருக்கும். துய் மேற்பரப்பைத்தான் சொல்கிறது, நூல் எதுவென்று சொல்லவில்லை. அதனால் திருப்பூரில் ஸ்வெட்ஷர்ட்டுக்குப் போகிற பருத்தி ஃப்ளீஸுக்கும் பொருந்தும்.

முதலில் ‘துய்ப்பின்னல்’ என்றுதான் எழுதினேன். கணவர் படித்துவிட்டு, “துய்ப்பு, இன்னல் இரண்டும் சேர்ந்தே வருதா?” என்றார். சரி, துய்த்துணி.

இனி இந்தச் சொல்லை வைத்து, தைக்காமல் முடிச்சுப் போட்டே போர்வை செய்ய ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கிறேன். வாக்கியத்தில் உட்காராத சொல் பட்டியலில் இருந்து என்ன பயன்?

“ஒன்றரை கஜத்தில் இரண்டு துய்த்துணிகள் எடுத்து, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்று விரிக்கவும். ஆலையிலிருந்து வரும் இறுகிய ஓரத்தை நறுக்கி எறியவும். நான்கு மூலையிலும் 4 அங்குலச் சதுரம் வெட்டி நீக்கவும். பிறகு சுற்றிலும் 4 அங்குல ஆழத்தில், அங்குலத்துக்கு ஒன்றாகக் குஞ்சம் வெட்டி, மேல் குஞ்சத்தையும் கீழ்க் குஞ்சத்தையும் இரட்டை முடிச்சாகக் கட்டவும்.”

நீளம் ஒன்றரை கஜம், அதாவது 54 அங்குலம்; ஓரம் நறுக்கியபின் 58 அங்குலம் அகலமிருந்தால் 192 முடிச்சு. நூறைத் தாண்டினால் விரல் கெஞ்சும் (அப்போது வேண்டுமானால் பிளீஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்). ரொம்ப இறுக்கினால் போர்வை ஓரமெல்லாம் சுருங்கிக் கூடாரம் போல எழும்பும்; எனக்கு எழும்பியது, பாதியை அவிழ்த்துக் கட்டினேன். பின்னல் துணி என்பதால் வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. இந்த வேலையே அதனால்தான் நடக்கிறது.

இதற்குச் சென்ற வாரம் ஒருவர் சொன்ன ‘தையலில்லாப் போர்வை’ எனக்கு ஒட்டவில்லை. இல்லாததைச் சொல்வானேன்? ‘முடிச்சுப் போர்வை’ போதும்.

முடிச்சு பிடிக்காதவர்கள் ஒற்றைத் துணியாக எடுத்து ஓரத்தைத் தைக்கலாம். தடித்த துணி, மடித்து அடித்தால் கயிறு மாதிரி புடைக்கும். கையால் காஜா போலத் தைத்து, தையலுக்குத் தையல் அரை அங்குலம் விட்டால் அழகாக நிற்கும். அதை ‘இடைவிட்ட காஜா’ என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. தையற்காரர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

துய்யிலிருந்து இன்னும் இரண்டு: ‘துய்யெழுப்பல்’, உருளையில் நடப்பது, ‘துய்யுருண்டை’, நாலு துவைப்புக்குப் பிறகு மேலே திரள்வது. இரண்டாவதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன், மகள் தின்பண்டம் என்று நினைத்தாள். இதற்கு வேறு சொல் இருந்தால் தாருங்கள். அந்த இறுகிய ஓரத்துக்குத் திருப்பூர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் வேண்டும். ‘கரை’ என்றால் புடவை குறுக்கே வருகிறது.