ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான் பயம்

தீபா: மாமா, இருக்கிறீர்களா? ஒரு சந்தேகம். புது பைக் ரோட்டில் அருமையாகப் போகிறது. யூ டர்ன் எடுக்கும்போதும், இறங்கித் தள்ளும்போதும்தான் எந்தப் பக்கம் சாயுமோ என்று பதறுகிறது.

கார்த்தி: வண்டி 200 கிலோ, அக்கா 52 கிலோ. பதறாமல் என்ன செய்யும்?

தீபா: என் எடையை எதற்குடா குழுவில் போடுகிறாய்

ரகு மாமா: இருக்கிறேன் மா. உன் எடைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வண்டி நேராக நிற்கும்வரை அதன் பாரம் முழுவதையும் டயர்தான் சுமக்கிறது. 10 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைக்குச் சுமார் 20 கிலோ வந்து சேரும். 30 டிகிரி என்றால் 60 கிலோ. அதை நீயும் தாங்க முடியாது, நானும் தாங்க முடியாது.

கார்த்தி: மாமா, இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ரகு மாமா: வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ., ஹேண்டில்பார் 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள். 200 × 0.6 × சைன் 10. போனில் போட்டுப் பார்.

கார்த்தி: 20.8. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

வசந்தி சித்தி: இவ்வளவு கணக்குப் போட்டு ஓட்ட வேண்டிய வண்டியை ஏன் வாங்கினாள்?

ரகு மாமா: தீபா, யூ டர்ன் எடுக்கும்போது கிளட்சை என்ன செய்கிறாய்?

தீபா: முழுக்கப் பிடித்துக்கொண்டு உருட்டுவேன். நின்றுவிடும் போலத் தெரிந்தால் கொஞ்சம் விடுவேன்.

ரகு மாமா: அதுதான் கோளாறு. கிளட்சை முழுக்கப் பிடித்தால் பின்சக்கரத்துக்கு இழுவை கிடையாது, வண்டி வெறும் பாரம். பாதி திருப்பத்தில் வேகம் செத்ததும் உள்பக்கமாகச் சரியும். ஹாஃப் கிளட்சில், அதாவது பாதி பிடித்துப் பாதி விட்ட நிலையில், வைத்துக்கொள். ரேஸை (ஆக்ஸிலரேட்டரை) ஐடிலுக்கு, அதாவது முறுக்காமலே இன்ஜின் ஓடும் வேகத்துக்கு, கொஞ்சம் மேலே வைத்து அப்படியே விட்டுவிடு, முறுக்கி விளையாடாதே. பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே போ. இன்ஜின் முன்னே இழுக்கும், பிரேக் பின்னே இழுக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிற்கும். உள்ளே சரிகிற மாதிரி தெரிந்தால் கிளட்சை ஒரு நூல் விடு, தானே நிமிரும்.

கார்த்தி: கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடாதா?

ரகு மாமா: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலில் முங்கியே இருக்கிறது. குறைந்த ரேஸில் கொஞ்ச நேரம் வழுக்கவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆயிலில் முங்காத ட்ரை கிளட்ச் வண்டியில்தான் அதிக நேரம் அப்படிப் பிடிக்கக் கூடாது. தீயும் வாசனை வந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் நிறுத்தி ஆறவிடு.

வசந்தி சித்தி: இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு போனால் விழவே விழாதே. நான் ஸ்கூட்டியில் அப்படித்தான் போகிறேன்.

கார்த்தி: அதைத் தெருவே பார்க்கிறது சித்தி 😂

ரகு மாமா: உன் ஸ்கூட்டிக்கு இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிறது வசந்தி. இவளுக்குப் பின் பிரேக் காலில். காலைத் தொங்கவிட்டால் பிரேக் போச்சு. நகரும்போது இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டில்தான் இருக்க வேண்டும்.

தீபா, இன்னொன்று. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே தொடாதே. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கும், வண்டி திரும்பிய பக்கமே பொத்தென்று விழும். நிற்க வேண்டும் என்றால் முதலில் ஹேண்டிலை நேராக்கு, அப்புறம் பிரேக். பார்க்கிங்கில் விழும் வண்டிகளை நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் இந்த ஒரு காரணம்தான்.

தீபா: நான் திரும்பும்போது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் மாமா.

ரகு மாமா: பார்க்காதே. முகவாயைத் தோளுக்குக் கொண்டுபோய், எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே பார். வண்டியை உள்ளே சாய்த்துவிட்டு நீ நிமிர்ந்து, கொஞ்சம் வெளிப்பக்கமாக உட்கார். வேகமாக வளைவில் போகும்போது செய்வதற்கு இது நேர் எதிர். காலி மைதானத்தில் பெரிய வட்டமாக ஆரம்பித்துச் சின்னதாக்கிக்கொண்டே வா. டேங்க் ஃபுல் வேண்டாம். 13 லிட்டர் பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 10 கிலோ, அதுவும் உயரத்தில்.

கார்த்தி: ஓட்டுவது சரி. தள்ளுவதற்கு?

ரகு மாமா: வண்டிக்கு இடப்பக்கம் நில். இடுப்பு டேங்க்கையோ சீட்டையோ ஒட்டியிருக்கட்டும். துளி உன் பக்கமாகச் சாய்த்துக்கொள், அந்தப் பக்கம் விழுந்தால் உன்னால் பிடிக்க முடியாது. இரண்டு கையும் ஹேண்டிலில், வலது கை விரல்கள் முன் பிரேக்கில். தள்ளுவது கையால் அல்ல, இடுப்பாலும் தொடையாலும்.

சரிவான இடமா, இன்ஜினை ஆஃப் செய்து முதல் கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறக்கு. கிளட்சை விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அது உனக்கு இன்னொரு பிரேக்.

கார்த்தி: ஹோண்டாவின் பெரிய பைக் கோல்ட் விங்கில் ரிவர்ஸே இருக்கிறது மாமா

ரகு மாமா: 1988 கோல்ட் விங் மாடலான ஜிஎல்1500-இலேயே கொடுத்துவிட்டார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார்தான் பின்னே தள்ளும். அந்த எடையைக் காலால் தள்ளச் சொன்னால் யார் வாங்குவார்கள்?

தீபா, உனக்கு ரிவர்ஸ் கிடையாது, அதனால் நிறுத்துவதற்கு முன்பே எப்படி வெளியே வருவோம் என்று யோசி. சுவரைப் பார்த்து இறங்கும் சரிவில் முன்பக்கமாக நுழைந்துவிட்டால், எடுக்கும்போது மேட்டில் பின்னோக்கி இழுக்க வேண்டும். பின்பக்கமாக இறக்கி நிறுத்து, மூக்கு மேட்டைப் பார்க்கட்டும். வெளியே வர இன்ஜின் இழுத்துக்கொள்ளும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் வண்டி முன்னே நகர்ந்து சைடு ஸ்டாண்டும் மடங்கிவிடும். எப்படி நின்றாலும் சரிவில் கியரில் போட்டுவிடு.

வசந்தி சித்தி: அண்ணா, எல்லாம் செய்தும் விழுந்தால்?

ரகு மாமா: விழட்டும். ஓரளவுக்கு மேல் சாய்ந்தால் பிடித்து இழுக்காமல் காலை விலக்கிக்கொள். வண்டியில் கீறல் விழும், அவ்வளவுதான். தூக்கும்போது இன்ஜின் ஆஃப், கியரில் போடு. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னாலேயே விரித்து வைத்துவிடு, இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் விழும். ஹேண்டிலை விழுந்த பக்கம் முழுக்கத் திருப்பு. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்து, சீட் விளிம்பில் இடுப்பை அண்டக் கொடு, ஒரு கை கீழே இருக்கும் கைப்பிடியில், மறு கை பின்னால் ஃப்ரேமில். காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னே நட. குனிந்து முதுகால் இழுத்தால் அப்புறம் உன்னைத் தூக்க ஆள் வேண்டும்.

தீபா: சென்டர் ஸ்டாண்ட்?

ரகு மாமா: அதுவும் தூக்கும் வேலை இல்லை. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்வரை வண்டியை நேராக்கு. அப்புறம் உடல் எடை முழுவதையும் வலது காலால் ஸ்டாண்ட் மேல் இறக்கு, தானே ஏறும்.

தீபா: 📷 படம்
இதுதான் நான் நிறுத்தப்போகும் இடம். சரியா மாமா?

ரகு மாமா: வண்டிக்கு இடப்பக்கம் தரை மேடாகத் தெரிகிறதே. சைடு ஸ்டாண்டில் போட்டால் ரொம்ப நிமிர்ந்து நிற்கும், யாராவது உரசினால் வலப்பக்கம் சாய்ந்துவிடும். பக்கத்தில் தூண் ஓரமாகத் தரை சமமாக இருக்கிறது பார், அங்கே போடு.

தீபா: அங்கே சித்தப்பா கார் நிற்கிறது.

வசந்தி சித்தி: இப்போதே எடுக்கச் சொல்கிறேன். அவர் குளித்துக்கொண்டிருக்கிறார்.