பையில் ஜி.ஐ. 52ன்னு போட்டிருக்கு, அம்மாவுக்கு மீட்டர்ல 200ஐ தாண்டுது. எதை நம்புறது?

டெல்டா_மகள்:

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் வந்து எட்டு வருஷம் ஆச்சு. மாத்திரைதான், ஊசி இல்லை. போன மாசம் தஞ்சாவூர்ல ஒரு கடையில "சுகர் உள்ளவங்களுக்கான அரிசி"ன்னு அஞ்சு கிலோ பை வாங்கினேன். ஜி.ஐ. (கிளைசீமிக் இண்டெக்ஸ், ஒரு சாப்பாடு சுகரை எவ்வளவு ஏத்தும்ங்கிற எண்) 52ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. நாங்க வாங்குற பொன்னியைவிட விலை ரெண்டு மடங்கு.

பொன்னி சாப்பிட்டப்போ, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பார்த்தா 225. இந்த அரிசிக்கு ஒரு நாள் 212, இன்னொரு நாள் 231. "காசைக் கரியாக்காதே, பழைய அரிசியையே வடி"ங்கிறாங்க அம்மா. இதைச் சாப்பிட்டா பசி அடங்கலைன்னு ஒரு கரண்டி சோறு கூடவும் போட்டுக்கிறாங்க.

மூணு மாச சுகர் (ஹெச்.பி.ஏ.1சி) 7.2ல இருந்து 7.9க்கு ஏறியிருக்கு. அதே ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 9.2. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதியிருக்கார், இன்னும் ஆரம்பிக்கலை.

பை மேல இருக்கிறது பொய்யா, மீட்டர் தப்பா? அரிசியை ஏதாவது லேப்புக்கு அனுப்பிப் பார்க்க முடியுமா?

நெல்_அரவை:

அக்கா, நான் திருவாரூர்ல மில் வச்சிருக்கேன். குறைஞ்ச ஜி.ஐ. ரகம்னு நிஜமாவே உண்டு. தெலங்கானா சோனான்னு சொல்ற ஆர்.என்.ஆர். 15048 அப்படித்தான், அங்க வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆனா பையில ரகத்தோட பேர் போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. ரகம் பேரே இல்லாம வெறும் நம்பர் மட்டும் இருந்தா நான் வாங்க மாட்டேன். அடுத்தது தீட்டுறது. 100 கிலோ நெல்லுல உமி 20 கிலோ போகும், அதுக்கு மேல வெள்ளையா வரணும்னு தீட்டத் தீட்ட 8 கிலோ வரைக்கும் தவிடா இறங்கும். நார்ச்சத்து போறது அதுலதான். கையில எடுத்துப் பார்த்தா லேசா பழுப்பு ஒட்டியிருக்கணும்.

லேப்_அக்கா:

தங்கச்சி, நான் திருநெல்வேலியில ரத்தப் பரிசோதனைக் கூடத்துல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவ. உங்க கேள்வியில மூணு அளவு கலந்து கிடக்கு. ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தை அளக்குது.

ஜி.ஐ. எப்படி எடுக்குறாங்கன்னு தெரிஞ்சாலே பாதிக் குழப்பம் போயிடும். 1981ல கனடாவோட டொராண்டோவுல டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த முறை இது. குறைஞ்சது பத்துப் பேரை வெறும் வயித்துல உட்கார வைப்பாங்க. 50 கிராம் மாவுச்சத்து இருக்கிற அளவு சோறு கொடுத்து, அடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள நடுநடுவுல ரத்தம் எடுப்பாங்க. இன்னொரு நாள் அதே ஆளுங்களுக்கு 50 கிராம் குளுக்கோஸ். ரெண்டு ஏத்தத்தையும் ஒப்பிட்டு வர்ற சராசரிதான் அந்த நம்பர். அந்தப் பத்துப் பேரும் சுகர் இல்லாதவங்க. குழம்பு, கூட்டு எதுவும் கிடையாது, வெறும் சோறு. அதனால 52ங்கிறது உண்மையாவே இருந்தாலும் உங்க அம்மாவுக்கு மீட்டர்ல என்ன வரும்னு அது சொல்லாது.

55 வரைக்கும் குறைவு, 70க்கு மேல போனா அதிகம்னு கணக்கு. சென்னையில மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை அளந்து 2012ல வெளியிட்டதுல பொன்னி 70.2, சோனா மசூரி 72, சூர்த்தி கோலம் 77. ஆக பொன்னிக்கும் உங்க பைக்கும் வித்தியாசம் இருக்கலாம். ஆனா அந்தக் கூடுதல் கரண்டியைப் பாருங்க. 100 கிராம் அரிசியில மாவுச்சத்து சுமார் 78 கிராம். மாவுச்சத்தையும் ஜி.ஐ.யையும் சேர்த்துப் பார்த்தாத்தான் சுகர் மேல விழுற மொத்தச் சுமை தெரியும். பொன்னி 100 கிராம் வடிச்சா 78ஐ 70ஆல பெருக்கி நூறால வகுத்தா சுமை 55 வரும். இந்த அரிசி 150 கிராம் போனா 117ஐ 52ஆல பெருக்கி வகுத்தா 61. விலை கூடின அரிசி தோத்துப்போகுது. வடிச்ச சோத்தை அளக்காதீங்க, தண்ணி எவ்வளவு குடிச்சிருக்குன்னு பார்த்து எடை மாறும். உலையில போடுறதுக்கு முன்னாடி அரிசியை நிறுத்து எழுதுங்க.

மீட்டருக்கு வர்றேன். ஐ.எஸ்.ஓ. 15197ங்கிற தரப்படி, 100க்கு மேல இருக்கிற சுகருக்கு 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். ரத்தத்துல நிஜமா 200 இருந்தா 170ல இருந்து 230 வரைக்கும் எது வந்தாலும் மீட்டர் ஒழுங்காத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். 212, 225, 231 மூணும் ஒரே சுகரா இருக்கலாம். ஒரு ஊசிக்குத்தை வச்சு அரிசிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அளவு அரிசி, குழம்பு, மாத்திரை நேரம் எல்லாத்தையும் ஒண்ணாவே வச்சு, ஒவ்வொரு அரிசிக்கும் பல நாள் பார்த்து சராசரி எடுங்க. ரெண்டு மணி நேரம்னா முதல் வாய் வச்சதுல இருந்து, கை கழுவினதுல இருந்து இல்லை. விரலை சோப்பு போட்டுக் கழுவி நல்லா ஈரம் காயணும். வாழைப்பழம் உரிச்ச கையைத் துணியில துடைச்சிட்டுக் குத்தி, 300ன்னு பயந்து லேப்புக்கு ஓடி வந்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன். நரம்புல எடுத்தா 160தான் இருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீங்க, உங்க ஊர் மழைக்காலத்துக்கு அது தாங்காது.

எனக்கு நிஜமாவே கவலை தர்றது அந்த ஹீமோகுளோபின் 9.2தான். மூணு மாச சுகர்ங்கிறது சிவப்பணுவுல ஒட்டியிருக்கிற சர்க்கரை. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும். இரும்புச்சத்துக் குறைவால ரத்தசோகை இருந்தா, சுகர் ஏறாமலே இந்த நம்பர் கொஞ்சம் கூடிக் காட்டும். அந்த 7.9ல எவ்வளவு சோத்தால, எவ்வளவு சோகையாலன்னு பிரிக்கத் தெரியாம அரிசியைக் குத்தம் சொல்லிட்டிருக்கோம். டாக்டர்கிட்ட ஃப்ரக்டோசமைன்ங்கிற ரத்தப் பரிசோதனை பார்க்கலாமான்னு கேளுங்க. அது சிவப்பணுவைச் சாராது, கடைசி ரெண்டு மூணு வாரத்தைச் சொல்லும். அவர் சொல்லாம மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

லேப்புக்கு அரிசியை அனுப்பினா அமைலோஸ் (மாவுச்சத்துல ஒரு வகை), நார்ச்சத்து அளந்து கொடுப்பாங்க. ஜி.ஐ.க்கு ஆள் வச்சுத்தான் பார்க்கணும், அந்தச் செலவு வீட்டுக்குக் கட்டாது.

டெல்டா_மகள்:

ரொம்ப நன்றிக்கா. பையில ரகம் பேர் இல்லை. சமையல் தராசு வாங்கிடுறேன். ராத்திரிக்குச் சோத்துக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கலாமா? அதுக்கு சுகர் ஏறாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

லேப்_அக்கா:

நைசா அரைச்ச மாவுல காய்ச்சுற கஞ்சி சீக்கிரமே ஏத்தும்மா. மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமா செரிச்சுடும். தவிடோட இருக்கிற அரிசியை அம்மா சாப்பிடுவாங்கன்னா அதுக்கு நல்ல ஆதாரமே இருக்கு. சென்னையில உடல் எடை கூடினவங்களுக்கு சுகரைத் தொடர்ந்து அளக்குற சென்சார் ஒட்டிப் பார்த்து 2014ல வெளியிட்ட ஆய்வுல, வெள்ளை அரிசியைவிட சுகர் ஏத்தம் 19.8 சதவீதம் குறைஞ்சது. பருப்பு, பயறும் சேர்த்தப்போ 22.9 சதவீதம். கேழ்வரகு கொடுத்தாலும் மாவை நிறுத்துப் போட்டு, சோத்துக்குப் பார்த்த மாதிரியே பாருங்க.

இரும்பு மாத்திரையை நாளைக்கே ஆரம்பிங்க, ஆரம்பிச்ச தேதியை சுகர் நோட்டுலயே எழுதிடுங்க. புது சிவப்பணு நிறைய வரும்போது மூணு மாச சுகர் தன்னால இறங்கிக் காட்டலாம். அடுத்த தடவை ஹீமோகுளோபினையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்க.