மக்குவாரித் தீவில் பூனை ஒழிந்ததும் சரிவுகள் மொட்டையானது ஏன்?

குந்தாமலை:
மக்குவாரித் தீவில் (டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே சுமார் 1,500 கி.மீ.) 2000-இல் கடைசிப் பூனையும் ஒழிந்தது. பிறகு ஏன் சரிவெல்லாம் மொட்டையானது? எலியை எப்படி ஒழித்தார்கள்? இங்கே நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் சோலை ஓரத்தில் அதே மருந்தை வைக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது, அதற்காகத்தான் கேட்கிறேன்.

கோத்தகிரி குருவி:
முயலைத் தின்றதும் அதே பூனைதானே! முயலைக் கொல்ல விட்டிருந்த மிக்ஸோமா வைரஸும் கைகொடுக்காமல் போக, முயல் 1 லட்சத்தைத் தாண்டியது. உயரமாக வளரும் புல் வேரோடு போயிற்று. வேரில்லாத சரிவு மழையில் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? 2006-இல் மண் சரிந்து ராஜப் பெங்குவின் கூட்டத்தின் மேலேயே விழுந்தது. அதற்காகப் பூனையை விட்டுவைத்திருக்க முடியாது. அது போன பிறகுதான் வளையில் முட்டையிடும் சாம்பல் பெட்ரல் என்ற கடற்பறவை அங்கே மறுபடி குஞ்சு பொரித்தது.

பூம்பாறை:
எலிக்கும் முயலுக்கும் வைத்தது பிரோடிஃபாகம் என்ற விஷம். ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி சாகச் சில நாள் ஆகும் என்பதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. உடனே வயிற்றைப் புரட்டும் மருந்தென்றால் ஒரு கடியோடு ஒதுங்கிவிடும்.

ஹெலிகாப்டரின் அடியில் வாளி தொங்கவிட்டு, ஜி.பி.எஸ். கோடு பிடித்து, ஒரு பட்டையின் மேல் அடுத்தது ஏறும்படி தூவினார்கள். இடையில் ஒரு சினை எலிக்கு மருந்து எட்டாவிட்டாலும் அத்தனையும் வீண். முதல் சுற்றில் வளைக்குள் பால் குடித்த குட்டிகளுக்காகத்தான் இரண்டாவது சுற்று. குளிர்காலத்தில் தீனி குறைவு, பல பறவைகள் கடலில் இருக்கும், அதனால் அப்போது.

2010-இல் வானிலை கெடுத்து வேலை பாதியில் நின்றது. செத்ததைத் தின்ற ஸ்குவா, ராட்சதப் பெட்ரல், கடற்காகம் போன்ற கடற்பறவைகள் மாண்டன; அடுத்த ஆண்டையும் சேர்த்து மொத்தக் கணக்கு 2,000-க்கு மேல். அதனால் 2011-இல் முதலில் முயலைக் கொல்லும் கலிசிவைரஸ் விட்டு முயலைக் குறைத்தார்கள்: நோயில் செத்த முயலின் உடலில் விஷம் இருக்காது. மிஞ்சியதை நாய் வைத்துத் தேடினார்கள். 2014-இல்தான் 'எலியும் முயலும் இனி இல்லை' என்று அறிவித்தார்கள்.

குந்தாமலை:
அப்போ இங்கே?

கோத்தகிரி குருவி:
வேண்டாங்க. தீவைச் சுற்றிக் கடல். சோலையைச் சுற்றித் தேயிலையும் லைன் வீடுகளும். செத்த இடத்துக்கு வேறு எலி வந்துவிடும். அதற்குள் ஆந்தையும் மரநாயும் போய்விடும். சோலைக்கே உரிய எலிகளும் உண்டு, மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வீட்டெலிதான் தொல்லை என்றால் அடிக்கும் பொறி போதும். எலி சுவரோரமாகத்தான் ஓடும். தீனி முனை சுவரைத் தொடும்படி குறுக்கே வையுங்கள். முதல் இரண்டு ராத்திரி பொறியை ஏற்றாமல் கருவாடு மட்டும் வைத்துப் பழக்குங்கள். அரிசி டிரம்முக்கு இறுக்கமான மூடி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கருவாட்டை எலி சீண்டாது.