செயின் புளொக் கொக்கி விரிந்துவிட்டது, பாவிக்கலாமா?

வாழைச்சேனைப் பட்டறை:
வள்ள இஞ்சின் கழற்றித் திருத்துகிறவன் நான். சங்கிலியால் பாரம் தூக்கும் என் 1 தொன் செயின் புளொக்கின் கீழ்க்கொக்கி வாய் வாங்கும்போது 30 மில்லிமீற்றர், நேற்று அளந்தால் 34. கொக்கி வாயை மூடும் நாக்கும் உடைந்து போச்சு. தூக்குவது 400 கிலோ இஞ்சின்தானே, சூடாக்கி அடித்து வளைக்கலாம் என்கிறான் மச்சான். சரிவருமா?

கல்முனை ஃபிட்டர்:
வேண்டாம் தம்பி. 10 சதவீதம் விரிந்தாலே கொக்கியைக் கழித்துவிட வேண்டும், உங்களுடையது 13. சூடாக்கினால் இரும்பின் பதம் போய்விடும். அதைவிட, 400 கிலோவுக்கு ஏன் விரிந்தது? பக்கவாட்டில் இழுத்தீர்களா, நுனியில் மாட்டினீர்களா?

வாழைச்சேனைப் பட்டறை:
மணலில் புதைந்த வள்ளத்தை ஒருநாள் அதாலேதான் இழுத்தோம் அண்ணன்.

சம்மாந்துறை மில்காரன்:
பிடிபட்டுது! அப்போ சங்கிலியும் நீண்டிருக்கும், ஒவ்வொரு வளையமாகப் பாருங்கள். உப்புக்காற்று வேற. சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள், பாரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் தட்டில் மட்டும் படக்கூடாது. எங்கள் மில்லில் பொடியன் ஒருவன் கிறீஸை அள்ளிப் பூசினான். தூக்கிய மோட்டர் தன்பாட்டுக்கு வழுக்கி இறங்கியது. நல்லகாலம், கீழே இருந்தது தவிட்டு வாளி.

வாழைச்சேனைப் பட்டறை:
கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டேன். மச்சானுக்குத்தான் கோபம்.